ஆங்கிலத்தில் சொல்லாமல் விட்டது

ஆங்கிலத்தை வைத்துத்தான் என் பிழைப்பு. ஆனாலும் அதை நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. 'வருந்துகிறோம்' என்று அவர்கள் தொடங்கும் மெயிலில் வருத்தம் துளியும் இருக்காது. அதே மாதிரி பதில் எழுத நானும் பழகிக்கொண்டேன்.

அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது, அந்த மொழி பிறந்து வளர்ந்த கதை ஒரு தாளாக வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து, திருட்டுக் கேஸை விசாரிக்கும் போலீஸ் மாதிரி படித்தேன். கடல் தாண்டிப் படகில் வந்த சில கூட்டத்தாரின் பேச்சுதான் ஆங்கிலம் ஆனதாம். பிறகு பிரெஞ்சு பேசுகிற ராஜா வந்து இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டார். மாடு மேய்த்தவன் வைத்த 'கவ்' என்ற பெயர் தொழுவத்தோடு நின்றுவிட்டது. அதே மாடு வெந்து தட்டுக்கு வந்தால் 'பீஃப்' என்று பிரெஞ்சுப் பெயர். நாங்கள் தைக்கிற பனியன்கூட இந்திய வணிகர்களைக் குறித்த சொல்லாம். ஆங்கிலத்துக்குள் போய்ச் சட்டையாக மாறித் திரும்பி வந்திருக்கிறது. இப்படி உலகம் முழுக்கச் சொல் எடுத்ததைப் பெருமையாக எழுதியிருந்தார்கள். கேட்டு எடுத்தார்களா என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

கோர்ட்டைப் பற்றிய பக்கத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. வழக்கு பிரெஞ்சில் நடக்குமாம். கூண்டில் நிற்கும் விவசாயிக்கு, தனக்குச் சாதகமாகப் பேசுகிறார்களா, எதிராகப் பேசுகிறார்களா என்றே தெரியாது. இது அநியாயம், இனி ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையும் பிரெஞ்சில்தான் எழுதினார்களாம். அதுவரை நடுவில் நின்று அவனுக்கு எடுத்துச் சொன்னது யார், உள்ளதைச் சொன்னார்களா என்பதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. அந்த ஆள்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

அந்த மாதமே எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வந்தது. தொழிலாளர்களுக்கு வசதிகள் இருக்கின்றனவா என்று வாடிக்கையாளரின் ஆள் நேரில் வந்து பார்க்கும் நாள் அது. எங்கள் வழக்கப்படி, முந்தின நாள் குழந்தைகள் அறையின் பூட்டைத் திறந்தோம். தூசி தட்டி, அட்டைப் பெட்டியிலிருந்து பொம்மைகளை எடுத்து அடுக்கினோம். சின்னக் குழந்தை உள்ள பெண்களிடம் 'நாளைக்குக் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டோம். பொம்மைகளில் விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

வந்தவர் வெள்ளைக்காரர். அவர் கூட்டிவர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றார்கள். அது தற்செயல் என்று நான் இன்றுவரை நம்பவில்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதலாளி என்னைத் தனியாக அழைத்தார்.

"கண்ணு, வேல செய்யறவிங்க நீட்டி முழக்கினாலும் நீ சுருக்கமாச் சொல்லிப்போடு. ஆர்டர் போச்சுன்னா எல்லாருக்குந்தான் கஷ்டம்."

தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண்ணை உள்ளே அனுப்பினார்கள். மண்ணரையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். கணவர் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். மகளுக்கு நான்கு வயது.

குழந்தைக்கு இங்கே வசதியாக இருக்கிறதா என்று வெள்ளைக்காரர் கேட்டார். நான் தமிழில் சொன்னதும் அந்தப் பெண் தயங்காமல் பேசினார்.

"இன்னைக்கு மட்டுந்தானுங்க தெறந்திருக்குது. மத்த நாளெல்லாம் பூட்டித்தானுங்க கெடக்கும். எம்புள்ளைய ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு, டிவியப் போட்டுட்டு வாறனுங்க. தெனமும் தெறக்கச் சொல்லி அவருகிட்டச் சொல்லுங்க மேடம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பயம். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. மகளை இங்கே விட முடிவது அவருக்குப் பெரிய நிம்மதி என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டி, எதையோ எழுதிக்கொண்டார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அறையைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் ஆடிட் அறிக்கை வந்தது. குழந்தைகள் அறையைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். ஆர்டரும் உறுதியானது.

அன்று செக்கிங் பக்கம் ஒரு சாம்பிள் எடுக்கப் போனேன். அந்தப் பெண் டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க."

அவர் பனியனைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தைப் பார்த்தார். நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"புள்ளைய உள்ள வெச்சுப் பூட்டறேன்னு சொன்னா, அவரு எதுக்குங்க சிரிச்சாரு?"