நடந்து வேலைக்கு வருகிறவள்

நான் சொன்னது ஒரே ஒரு பொய். வேலைக்கான படிவத்தில், பெங்களூரில் இருக்கிற சின்னம்மா வீட்டு விலாசத்தை என் விலாசமாக எழுதினேன். கோலார் தங்கவயலில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. ரயிலில் வருகிற ஆள் வேண்டாம் என்று அதற்கு முன் இரண்டு இடங்களில் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சுரங்கத்தை மூடிவிட்ட ஊரில் வேறு எங்கே போய் முட்டிக்கொள்வது? வீடு தங்கவயலின் மைசூர் மைன்ஸில், ஆபீஸ் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கத்தில். மூன்று வருஷம் யாருக்கும் தெரியாமல் ஓடிவிட்டது.

அப்புறம்தான் ஆபீசுக்கு இந்த நடைப் பைத்தியம் பிடித்தது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் வண்டியை விட்டுவிட்டு நடந்து வர வேண்டுமாம். உடம்புக்கு நல்லதாம், ஊருக்கும் நல்லதாம். எங்கள் மேலாளர் மேடம் விலாசப் பட்டியலைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். ஒன்றரை கிலோமீட்டர்தானே, காலையில் எல்லாரும் உங்கள் வீட்டு வாசலில் கூடி அங்கிருந்து நடக்கலாம், நீங்கள்தான் முன்னால் போக வேண்டும் என்றார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னா இப்போ? உண்மைய சொல்லிட்டுப் போயேன்," என்றார். சொல்வது சுலபம். அவருக்கு முதுகு போய் ஒரு வருஷமாகிறது. வீட்டில் உலை கொதிப்பது என் ஒருத்தி வேலையில்தான்.

அதனால் நடந்தேன். விடிவதற்கு முன் எங்கள் ஊர் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, கண்டோன்மென்ட்டில் இறங்கி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஆபீசைத் தாண்டி சின்னம்மா வீட்டுக்கு ஓடுவேன். முகம் கழுவி, வியர்வை அடங்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். அப்போதுதான் எழுந்து வந்தவள்போல வெளியே வருவேன். வந்த வழியிலேயே எல்லாருக்கும் முன்னால் நடப்பேன். மூன்றாவது வாரத்தில் என்னை நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். படத்தில் என் முகத்தைப் பார்க்க எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் பாதி வழியில், ஒயிட்ஃபீல்டில் ரயில் படுத்துவிட்டது. யார் கேட்டாலும் நான் குளிக்கிறேன் என்று சொல்லும்படி சின்னம்மாவுக்கு போன் செய்தேன். சரிம்மா சரிம்மா என்றாள். பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆனாலும் அவள் தங்கவயலில் பிறந்தவள். எங்கள் ஊரில் யாரையாவது இன்னும் காணோம் என்றால் வாய்க்கு வருவது ஒரே பதில்தான். அன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே மேடம் தனியாக வந்து என்னைக் கேட்டிருக்கிறார்.

"அவளா? வண்டி லேட்டும்மா. ஒயிட்ஃபீல்டுலயே நிக்குதாம்," என்றிருக்கிறாள் சின்னம்மா.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். நான் அவளைத் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது?

ஆபீஸ் போனதும் மேடத்தின் அறைக்கு நானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும், இந்த நாடகம் முடிந்தால் சரி என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவர் கோபப்படவில்லை. என் படம் போட்ட போஸ்டர் எல்லாக் கிளைகளுக்கும் போய்விட்டதென்றும், இப்போது வெளியே தெரிந்தால் தனக்கும் தலைகுனிவு என்றும் மெதுவாகச் சொன்னார். வேலை இருக்கும். ஆனால் விலாசமும் அப்படியே இருக்கட்டும், நடையும் அப்படியே நடக்கட்டும்.

மறுநாள் காலை சின்னம்மா வீட்டு வாசலில் கும்பல் நின்றிருந்தது. மேடமும் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டார்.

மூன்றரை மணிக்கு எழுந்தவள் நான்.

"நல்லா தூங்கினேன் மேடம்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.