அப்பா பார்த்துவைத்த வீடு

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவுகளுக்கும், அப்பாவின் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது.

அப்பா இராயபுரத்தில், கோயில் மணி காதில் விழும் தெருவில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, படிப்பை விட்டு, துறைமுகத்தில் கூலியாகச் சேர்ந்தவர், கிரேன் ஓட்டுநராக ஓய்வு பெற்றார். நாங்கள் வாடகை வீடு மாறி மாறியே வளர்ந்தோம். "நா செத்தா சொந்த வூட்லர்ந்துதான் என்னத் தூக்கணும்" என்பார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக் கடனைப் பற்றி அப்பா விசாரித்த அளவுக்கு, மாப்பிள்ளையைப் பற்றிக்கூட யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு வங்கி வங்கியாக ஏறுவார். "வட்டி ஏறிச்சுன்னா தவணை ஏறுமா, வருஷம் ஏறுமா சார்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வங்கியிலும் அதையே கேட்பார். அவர் தலை தெரிந்ததுமே டீ குடிக்க எழுந்துவிடும் அதிகாரிகளும் உண்டு. மணலிப் பக்கம் விலை மலிவு என்றார்கள். அடைமழையில் சடையங்குப்பம் வரை போய், முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பினார். கடைசியில் திருவொற்றியூரில் ஒரு மாடி வீடு பிடித்துப்போனது.

எல்லா வீடுகளையும் பார்க்கக் கூடவே வந்தவர் என் ஞானத்தந்தை. ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தி நின்றவர். அப்பாவின் துறைமுகத் தோழர். முன்பு அவர் டிரெய்லர் லாரி வாங்கியபோது அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். பிள்ளையின் ஞானத்தந்தை கேட்டால் மறுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு. வட்டியை அத்தனை துருவிய அப்பா, அதைப் படிக்காமலேதான் கையெழுத்துப் போட்டார்.

திருவொற்றியூர் வீட்டுக்குக் கடன் கேட்டபோது மேலாளர் கையை விரித்தார். லாரிக் கடன் கட்டப்படாமல், ஜாமீன் போட்ட அப்பாவின் பெயரும் கெட்டுப்போயிருந்தது. வங்கியின் அறிவிப்புகளெல்லாம் நாங்கள் காலி செய்த பழைய வீட்டுக்குப் போயிருக்கின்றன. அன்று மாலையே அப்பா ஞானத்தந்தையைப் பார்க்கப் போனார். நானும் உடன் போனேன்.

"இன்னா மாமு, வூடு பாக்க என்கூடவே வந்துகினு இருந்தியே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவேல்லியே மாமு."

அப்பா எழுந்துவிட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. அந்த லாரிக் கடனை அப்பாவே தன் ஓய்வுப் பணத்தில் அடைத்தார். பெயர் சரியாவதற்குள் வயது கடந்துவிட்டது என்று எல்லா வங்கிகளும் சொல்லிவிட்டன. அப்படியும் கிறிஸ்துமஸுக்கு ஞானத்தந்தை வீட்டுக்குப் பிரியாணி அனுப்புவதை அப்பா நிறுத்தவில்லை. அது அப்பாவின் குணம். எனக்கு அது வரவில்லை.

அப்பா மருத்துவமனையில் கண்மூடியபோது வாடகை வீட்டின் சொந்தக்காரர் போன் செய்தார். "பாடிய இங்க கொண்ணாராதம்மா. அப்பால யாரும் குடி வர மாட்டாங்க." எதிர்வீட்டு அக்காதான் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். "எங்க வூட்ல வைம்மா. எனக்கும் அவரு நைனாதான்" என்றார்.

அந்த அக்காவுக்கும், கல்லறை வரை நடந்துவந்த துறைமுகத் தோழர்களுக்கும், செபித்த அருட்தந்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நன்றியில் ஞானத்தந்தையின் பெயரையும் சேர்க்கச் சொன்னார் அம்மா. நான் சேர்க்கவில்லை. அவர் மாலையோடு வந்தார், அழுதார், பெட்டிக்குத் தோள் கொடுத்தார். எல்லாம் உண்மை. அன்று வந்தவர்கள் அத்தனை பேரும், அப்பாவை ஏன் அடுத்தவர் வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று எங்களைக் கேட்டார்கள். அவர் மட்டும் கேட்கவில்லை.