ஃப்ரிட்ஜுக்குக் குரல் கொடுப்பவள்

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சித்தி வீட்டில் பெட்டியை இறக்கிய அன்று, டிவியில் ஒரு பெண் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். கேமரா மெல்ல ஃப்ரிட்ஜின் கைப்பிடியை நெருங்கியது. "அழாதேம்மா, முகம் வீங்கிடும்" என்றது ஃப்ரிட்ஜ். அது என் சித்தியின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். சித்தி சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

செத்துப்போன அம்மா ஃப்ரிட்ஜுக்குள் புகுந்துகொண்டு மகளுக்குப் புத்தி சொல்கிறாள். இதுதான் கதை. இந்தச் சீரியல் தினமும் வருகிறது. சித்தி வெகுகாலமாக டப்பிங் பேசுகிறவள். கும்பலில் ஒருத்தி, அழுகிற குழந்தை, போனின் மறுமுனை, ஒருமுறை நாய்கூட. தனக்கென்று ஒரு பாத்திரம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் 'ஐஸக்கா' ஆகியிருந்தாள். யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாதவளுக்கு அப்படி ஒரு பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கும் சித்தப்பாவோ, "நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் வாய மூடிட்டு இருக்கு, அந்த மட்டும் நிம்மதி" என்பார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் என் கையை எடுத்து வைத்தாள். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு நடுக்கத்தோடு நின்றது.

"இப்பதான் அவ பேசுவா" என்றாள். "மோட்டார் ஓடறப்ப மூச்சு வாங்குதில்ல? அப்ப எப்படிடி பேச முடியும்?"

வசனம் எழுதுகிறவரோடு மல்லுக்கட்டி, மோட்டார் நின்ற பிறகுதான் ஃப்ரிட்ஜ் பேசும் என்று மாற்ற வைத்திருந்தாள். மகள் கதறிக் கதறிக் கேள்வி கேட்பாள். ஃப்ரிட்ஜ் உர்ர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை அவளும் காத்திருக்க வேண்டும், பார்க்கிற நாமும் காத்திருக்க வேண்டும். கதையில் உருப்படியாக இருந்தது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான்.

அந்த ஃப்ரிட்ஜைத்தான் கதையிலிருந்து தூக்க முடிவு செய்தார்கள். பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்களாம். இனிமேல் பேசும் கிளி வருமாம். கடைசிக் காட்சிக்குக் குரல் கொடுக்கச் சித்தி போனபோது நானும் கூடவே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

புது இயக்குநருக்கு என் வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை, சரியாகத் தூங்காதவர். பழைய இரும்புக்கடைக்காரர் வந்து ஃப்ரிட்ஜை எடுத்துப் போகும் காட்சி அது. ஃப்ரிட்ஜ் விக்கி விக்கி அழ வேண்டும், கெஞ்ச வேண்டும், கீச்சுக் குரலில் அலற வேண்டும் என்று விளக்கினார்.

"எப்படியும் ஊரே கிண்டல் பண்ணுதுக்கா. நாமளே முந்திக்கிட்டா மானமாவது மிஞ்சும். இத மட்டும் இப்படிப் பண்ணிக் குடுங்க, கிளி உங்களுக்குத்தான்."

சித்தி தண்ணீர் குடித்தாள். கிளியும் இல்லையென்றால் அவள் மறுபடி கும்பலில் ஒருத்திதான். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு தடவ என் போக்குல பேசிடறேன் தம்பி. பிடிக்கலன்னா அழிச்சுட்டு, நீங்க சொல்ற மாதிரி பண்றேன்."

திரையில் காட்சி ஓடியது. இரண்டு பேர் ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில் சாய்த்தார்கள். கதவு தொங்கித் திறந்தது. மகள் ஓடிவந்து அதைக் கயிற்றால் கட்டினாள். ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தார்கள். சித்தி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மறந்துவிட்டாளோ என்று இயக்குநர் எழுந்தே விட்டார். வண்டி வாசற்படியில் ஒரு குலுக்குக் குலுக்கியபோதுதான் சித்தி, தள்ளுகிற ஆளிடம் சொல்வதுபோல, அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

"மெதுவாப்பா. உள்ள முட்டை இருக்கு."

அவ்வளவுதான். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரம். ஒரு ஃப்ரிட்ஜுக்காக அழுதிருக்கிறேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ பார்த்துவிட்டு வந்தவள், போயும் போயும் இப்படி ஒரு அசட்டுத்தனத்திடம் தோற்றேன்.

இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார். ஆனால் வெளியே வரும்போது, தரையைப் பார்த்தபடி, கிளியை வேறு யாருக்காவதுதான் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். இந்தக் குரலில் கிளி வாயைத் திறந்தால் எல்லோருக்கும் ஃப்ரிட்ஜ்தான் ஞாபகம் வரும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இருந்தது. நன்றாகச் செய்ததற்கு வேலை போனதுதான் பரிசு. பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் ஆறவில்லை.

"கதையே குப்பை சித்தி. நீ எவ்வளவு நல்லாப் பண்ணாலும் குப்பை குப்பைதான்."

"எனக்குத் தெரியும்டி" என்றாள். "ஆனா அவளுக்குத் தெரியாதே."

அவள் என்றது ஃப்ரிட்ஜை.

பிறகு கிளி வந்தது. பேசியது. அதுவும் அதே அளவு மடத்தனமான கதைதான், ஆனால் கிளிக்குக் குரல் கொடுத்தவர் தானே சிரித்துக்கொண்டு பேசினார். பார்க்கிற நமக்குக் கூச்சமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் எங்கே என்று சேனலுக்குப் போன் மேல் போன் போயிருக்கிறது. ஒருநாள் காலை இயக்குநர் சித்தியைப் போனில் கூப்பிட்டார். ஃப்ரிட்ஜ் திரும்பி வரவேண்டுமாம். ஆனால் அதை இரும்புக்கடையில் நசுக்கியதை நாடே பார்த்துவிட்டதால், ஆவியாக வருமாம். அதாவது, செத்தவளின் ஆவி புகுந்த ஃப்ரிட்ஜ் செத்து, அந்த ஃப்ரிட்ஜின் ஆவி.

எனக்குத் தலை சுற்றியது. சித்தப்பா, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கிண்டலும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

"போனை வச்சுடு சித்தி" என்றேன். அவள் கையைக் காட்டி என்னை அடக்கினாள். இயக்குநர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் போடுகிறவளின் முகம்.

"சரி தம்பி, வரேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. அவளுக்கு இனிமே குளிருமா, குளிராதா?"

மறுமுனையில் அவர் பக்கத்தில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"குளிராது சித்தி" என்று என் வாயிலிருந்து வந்தது.