கதவை மூடுவதற்கு முன்

மினிபஸ் ஓட்ட வந்த முதல் நாள், பயிற்சியாளர் ஒன்றையே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னார்: கடைசி ஆள் இறங்கியதைக் கண்ணாடியில் பார்க்காமல் கதவை மூடாதே. பொருளாதாரம் படித்த எனக்கு இது கொஞ்சம் சின்னப் பாடமாகப் பட்டது.

அது எனக்கு விளங்கியது போன ஏப்ரலில். எங்கள் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள், தங்கள் நாட்டில் சண்டையில் இறந்த சிப்பாய்களுக்குத் தேவாலய மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அவர்களை வீடுகளில் இறக்கிவிடுவது என் டியூட்டி. கூப்பிட உள்ளே போனேன். மேசை நிறையச் சீருடைப் படங்கள், முன்னால் மெழுகுதிரிகள். யாழ்ப்பாணத்தில் சீருடையைக் கண்டு வேலி பாய்ந்த கால் என்னுடையது. ஐம்பது தாண்டியும் அது வாசலைத்தான் தேடியது. பிறகு முகங்களைப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கால் வெட்கப்பட்டு நின்றது.

வண்டியில் ஏறியதும் கூட்டத்தின் தலைவி கோரா அம்மா கட்டளையிட்டார். பேசியது ஆங்கிலம்தான், ஆனால் என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள்.

"தம்பி, முதல்ல கோப்பிக் கடையில நிப்பாட்டு. செத்தவீட்டால நேரே வீட்ட போனா ஆவி பின்னால வந்திடும். எங்கயாவது நிண்டு உதறிப்போட்டுத்தான் போகவேணும்."

நாங்கள் இதற்குத் தலையில் தண்ணீர் ஊற்றுவோம். இவர்கள் டோனட் சாப்பிடுகிறார்கள். மதம் மாற நான் யோசித்த ஒரே தருணம் அது.

பின் சீட்டிலிருந்து மரிசெல் எழுந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிப்பவள். சிப்பாயாக இருந்த தம்பி ஜுன் சண்டையில் இறந்தபோது, விசா அலுவல் முடியாததால் அவளால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

"நான் கடைக்கு வரேல்ல அண்ணை. என்னை நேரே வீட்ட விடுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"அவன் என்னோட வரட்டும் எண்டுதான்."

"வீட்டுக்கு ஆகாது பிள்ளை," என்றார் கோரா அம்மா.

"என்ர தம்பி, அன்ரி. வந்தா பிரிட்ஜைத்தான் காலியாக்குவான்."

சிரிப்பதா அழுவதா என்று வண்டிக்குத் தெரியவில்லை. எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்லும் டிஸ்பாச்சர் ரமணனைப் போனில் அழைத்தேன்.

"ஒரு ஆளுக்காகத் தனி ட்ரிப் ஏலாது அண்ணை."

"ஒரு ஆள் இல்லை. ரெண்டு பேர்."

"ரெண்டு பேர் எண்டா சரி."

மற்றவர்களைக் கடையில் இறக்கிவிட்டு அவளைக் கொண்டுபோனேன். இறங்கினாள். கண்ணாடியில் பார்த்தேன், உள்ளே யாருமில்லை. ஆனாலும் மூடவில்லை. குளிர் வந்து என் மடியில் உட்கார்ந்தது. அவள் தன் கட்டடத்தின் கதவைத் திறந்து, இன்னொருவர் நுழையும் நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் மூடினேன்.

கடைக்குத் திரும்பியதும் கோரா அம்மா கேட்டார். "இறங்கிட்டானா?"

"இறங்கிட்டார்."

"அப்ப நீயும் ஒரு கோப்பி குடி. உன்னோட ஒருத்தரும் வரமாட்டினம்."

"வேண்டாம் அம்மா. நானும் நேரே வீட்டதான்."

கொஞ்சம் பார்த்தார். "உனக்கு ஆர்?"

"அண்ணை. சண்டைக்குள்ள அகப்பட்டவர். எந்தப் பக்கத்துக் குண்டு எண்டு இண்டைக்கும் தெரியாது."

அவர் எழுந்து கவுண்டருக்குப் போனார். இன்னொரு டோனட் வாங்கிப் பையில் போட்டுத் தந்தார். "அவருக்கு."

எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது," என்றாள் மனைவி.

"பொறும். இன்னும் ஒராள் வரோணும்."

டோனட்டை நான்தான் சாப்பிட்டேன். அண்ணை இருந்திருந்தாலும் நான்தான் சாப்பிட்டிருப்பேன்.

இப்போது புது ஓட்டுநர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். கண்ணாடியைப் பார்த்த பிறகும் ஒரு மூச்சு பொறுத்துக் கதவை மூடச் சொல்கிறேன். காரணம் கேட்டால், குளிர்காலத்தில் படி வழுக்கும் என்பேன்.