கோமதி சேலைக்குள் இழுத்துக்கொண்ட பாதங்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்து, கோமதியின் வீட்டுக்காரர் யார் என்று நர்ஸ் கேட்டார். அங்கே நின்றவன் நான் ஒருவன்தான். அவர் சொன்னதைக் கேட்டேன். கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றுவரை அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும். வியாழக்கிழமைகளில் தென்காசி மூட்டு டாக்டரிடம் ஊசி போட வருகிற உங்களுக்கு, அவளோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு, இதைச் சொல்லியாக வேண்டும்.

வீரகேரளம்புதூர் பக்கம் தபால் கொடுத்தவள் கோமதி. கல்யாணமான மறுவருஷமே முடக்குவாதம் வந்தது. விடிந்தால் விரல் மடங்காது. தபால் கட்டைப் பல்லால் அவிழ்ப்பாள். மாத்திரைக்கு அடங்காமல், நோயெதிர்ப்பைத் தணித்து வீக்கத்தைக் குறைக்கிற பயாலஜிக் ஊசி தொடங்கினார்கள். சில மாதங்களில் ஒருநாள் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "விரலு திரும்பக் கெடச்சிட்டு. இனிமே வாய் பேசினிய, தலையில கொட்டு விழும்." அந்த ஊசி எங்களுக்கு மூன்று நல்ல வருஷங்களைத் தந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

போன சாரல் சீசனில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். ஈரப் பாறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நடந்தாள்.

"ஏட்டி, வாத்து மாதிரி நடக்குத."

"வாத்துக்கு நீந்தவாவது தெரியும். கை சொகமாயிட்டு. காலுதான் வேற யாருக்கோ உள்ளது மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டோம்.

டாக்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போவோம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த அவள் செருப்பை டாக்டர் பார்த்ததே இல்லை. விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடுவார். பாதம் அந்தப் பட்டியலில் இல்லை. அவளோ இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, நல்லா இருக்கேன் சார் என்பாள். ஏன் காலைக் காட்டவில்லை என்று வெளியே வந்து கேட்டேன். "அவ்வளவு பெரிய மனுசன் முன்னால காலத் தூக்கிக் காட்டுவாங்களா? மரியாத தெரியாதவளா நான்?" என்றாள். எனக்கும் அது சரி என்றே பட்டது. சுரண்டைப் பக்கக் காற்றாலைகளில் வேலை பார்க்கிறவன் நான். திரையில் எல்லாம் பச்சையாக இருந்தாலும் மேலே ஏறி பேரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். வீட்டில் ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் படித்துவிட்டுத் திருப்தியாக இருந்தேன்.

கால் பெருவிரலுக்கு அடியில் இருந்த காய்ப்பு வெடித்தது. செருப்புக் கடி என்றாள். தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை ஃபிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்து ஐஸ் பையில் வைத்துக் கூட்டிப் போனேன். புண்ணைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சில நாளிலேயே கிருமி ரத்தத்தில் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். மூட்டின் வீக்கத்தை அடக்குகிற மருந்து, கிருமி உடம்பில் ஏறும்போது வர வேண்டிய காய்ச்சலையும் அடக்கிவிடலாம் என்று டாக்டர் பிறகுதான் விளக்கினார். "காலப் பாத்திருந்தா அன்னிக்கு ஊசி போட்டிருக்க மாட்டேன்," என்றார். அவர் மறைக்கவில்லை. நானும் மறைக்கப்போவதில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறு வியாழன், ஒரு குட்டை முக்காலி செய்து எடுத்துப் போனேன். நோயாளியின் நாற்காலிக்கு முன்னால் அதைப் போட டாக்டர் சம்மதித்தார். முதலில் உள்ளே போனது கடையத்துப் பேச்சியக்கா. காலை வைக்க மறுத்துவிட்டார்.

"அவுக மொகத்துக்கு நேரா காலா? வேண்டாம்யா."

"கோமதியும் இதத்தான் சொன்னா, அக்கா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் காலைத் தூக்கி வைத்தார். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே புண் இருந்தது. அன்று அவருக்கு ஊசி போடவில்லை. முதலில் புண்ணுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

ஒருவருக்கு வந்த தபாலைக் கோமதி பக்கத்து வீட்டில் கொடுக்க மாட்டாள். வெயிலில் இன்னொரு நடை போவாள். "உள்ளவுக கையில குடுத்தாத்தான் குடுத்தது," என்பாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தை. ஒவ்வொரு வியாழனும் லீவு போட்டுவிட்டு அந்த வராந்தாவில் இருப்பேன், உங்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல. துக்கம் கேட்க நினைக்கிறவர்கள் அங்கே வாருங்கள். முதலில் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள், பிறகு அவளைப் பற்றிப் பேசலாம். போனில் துக்கம் கேட்க வேண்டாம், கைபேசியை அணைத்துவிட்டேன்.