பூட்டுக்காரி திறந்த பூட்டு

"பூட்டுக்காரி இருக்காங்களா?" என்று ஃபோனில் ஒரு நர்ஸ் கேட்டபோதுதான் மருமகளுக்கு அப்படியொரு பட்டப்பெயர் இருப்பது மாமியாருக்குத் தெரிந்தது. "அலமாரியைக்கூடப் பூட்டாத மகராசி, அங்கே போய் எதைப் பூட்டுறா?" என்று சிரித்தார்.

அவளுக்கு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. குழந்தைகளுக்கு மருந்தளவு சொல்லும் புரோகிராம், அடுத்தவர் எழுதிய லைப்ரரிகளை, அதாவது கணக்குப் போட்டுத் தரும் துணைப் புரோகிராம்களை, நம்பி ஓடியது. அவை பழைய பதிப்பிலிருந்து அசையாதபடி பூட்டி வைத்திருந்தாள்.

அங்கேயே புதிதாகச் சேர்ந்த கொழுந்தனின் வேலைக்குப் புதிய பதிப்பு வேண்டியிருந்தது.

"அண்ணி, இன்னும் பழசையே கட்டிக்கிட்டு அழறீங்களே! திறந்து விடுங்க."

"உனக்குத் தனியா இடம் பிரிச்சுத் தரேன்டா. ரெண்டும் ஒரே இடத்துல ஒத்துப்போகாது."

"அதுவரைக்கும் காத்திருந்தா என் வேலை போயிடும்."

வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று திறந்துவிட்டாள்.

புரோகிராம் நின்று தொலைத்திருந்தால் தேவலை. அது பாட்டுக்கு ஓடியது. ஒன்றரை போன்ற அளவை முழு எண்ணாக்கும்போது பழைய லைப்ரரி கீழே இறக்கும், புதியது மேலே ஏற்றும். ஒரு மில்லி என்று வர வேண்டியது இரண்டு என்று வந்தது. "இத்தனூண்டு பிள்ளைக்கு இவ்வளவா?" என்று அந்த நர்ஸ் கையை நிறுத்தியதால் குழந்தை தப்பியது.

விசாரணையில் "நான்தான் திறந்தேன்" என்றாள். கொழுந்தன் வாயே திறக்கவில்லை.

"அவன் கேட்டதை ஏம்மா சொல்லலை?" என்று மாமியார் அழுதார்.

"சாவி என்கிட்டதானே அத்தை இருந்துச்சு."

மகனைத் திட்டவும் முடியாமல், மருமகள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் தவித்தார் மாமியார்.

இப்போது அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். கொழுந்தன் ஆஸ்பத்திரியில், அவள் நாற்காலியில் இருக்கிறான்.