எண்ணெய் பூசிய நாளில் வந்த தம்பி

அன்று எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர் ஸ்டீபன், மகள் டிலானி, எங்கள் பங்குக் கோயில் ஃபாதர், கடைசியாக வந்து கதவடியில் நின்ற என் தம்பி ரொபட்.

மறுநாள் எனக்கு மார்பில் ஒப்பரேஷன். ஃபாதர் நோயில் பூசுதல் (நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசிச் செபிப்பது) கொடுக்க வந்திருந்தார். அது சாகிறவர்களுக்கு மட்டுமல்ல, சுகப்படவும்தான் என்று சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார். ரொபட்டுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

“மாமா கறுப்புச் சேர்ட்டோடயே வந்திட்டார்,” என்றாள் டிலானி.

அவன் முழந்தாளிட்டான். “அக்கா, என்னை மன்னிச்சிடுங்கோ.”

“எதுக்கடா?”

“எல்லாத்துக்கும்தான்.”

அவன் சொல்லாததை நான் சொல்கிறேன். குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்கச் சுணங்கும் என்று, வெளியில் ஸ்கேனும் பயொப்சியும் (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்யக் காசு சேர்த்து வைத்திருந்தேன். எதற்கென்று தெரிந்துகொண்டுதான் ரொபட் அந்தக் காசைக் கேட்டான். த்ரீவீலர் லீசிங் (ஓட்டோவுக்கு மாதாமாதம் கட்டும் தவணை) கட்ட வேண்டுமாம், ரெண்டு கிழமையில் தருவானாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். சோதனையைத் தள்ளிப்போட ஒரு சாட்டுக் கிடைத்ததென்று கொடுத்தேன். நத்தார் (கிறிஸ்மஸ்) போனது, ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனும் போனது, காசு வரவில்லை. பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“முந்தியே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் அம்மா,” என்றார் டொக்டர். “இப்ப முழுசா எடுக்க வேணும்.”

ஃபாதருக்கு இதெல்லாம் தெரியும். “ரொபட், மன்னிப்புக் கேட்டால் மட்டும் காணாது. எடுத்ததைத் திருப்பிக் குடுக்கவும் வேணும்.”

“ஓம் ஃபாதர். அடுத்த மாசம்.”

மனதில் கோபத்தோடு ஒப்பரேஷனுக்கு மயங்கினால் எழும்பமாட்டேனோ என்று எனக்குப் பயம். “மன்னிச்சிட்டன்,” என்றேன். அவன் எழுந்து, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனான்.

நான் சாகவில்லை. கீமோ (புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்து) முடிந்து, மொட்டைத் தலையில் துணியோடு கோயிலுக்குப் போன அன்று வாசலில் அவனைக் கண்டு காசைக் கேட்டேன்.

“நீங்கள்தானே மன்னிச்சனீங்கள் அக்கா? ஃபாதரும் கேட்டுக்கொண்டு நிண்டவர்.” என் தலையைப் பார்த்தான். “எண்ணெய் பூசினதெண்டுதான் ஓடி வந்தனான். இப்பிடி ஆகுமெண்டு ஆர் கண்டது?”

“நான் உயிரோட இருப்பனெண்டோ?”

அவன் த்ரீவீலரை ஸ்டார்ட் பண்ணினான்.

உங்களுக்கும் கட்டி தட்டுப்பட்டால், அந்தக் காசைக் கூடப்பிறந்தவனுக்கும் கொடுக்காதீர்கள்.

இப்போது உள்சட்டையின் இடப்பக்கம் பஞ்சு வைத்து நடக்கிறேன். என்றாலும் உடம்பு வலப்பக்கம் சரிகிறது. அடுத்த கிளினிக் (ஆஸ்பத்திரியில் காட்டும் நாள்) வரைக்கும்தான் என் காலம், அதற்கு அப்பால் நினைப்பதில்லை. சொன்ன மன்னிப்பை நான் திரும்ப எடுக்கவில்லை. காசையும் விடவில்லை. எண்பத்தையாயிரம் ரூபாய் இன்னும் வர இருக்கிறது.